ஏசிடி ஸ்கோரை முன்கூட்டியே கணிக்க ஒரு விரிதாள்: கடிகாரத்தையும் கட்டுரையையும் சேர்த்து

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் ஏசிடி தேர்வுக்கு இணையத்தில் கிடைக்கும் ஸ்கோர் கணிப்பான்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எத்தனை சரி என்று கேட்கும், உடனே ஒரு எண்ணைக் காட்டும். அந்தச் சரிகள் நேரம் முடிவதற்குள் வந்தவையா, அவற்றில் எத்தனை குருட்டாம்போக்கில் விழுந்தவை என்றெல்லாம் கேட்காது. கட்டுரைக்கு ஒரு கட்டம் இருந்தாலும் அதில் நாமேதான் ஒரு எண்ணைப் போட வேண்டும். அந்த எண் என்னவாக இருக்கும் என்பதுதானே நம் கேள்வியே!

அண்ணன் மகள் பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். கட்டுரையும் சேர்த்து ஏசிடி எழுதுவதாக முடிவு செய்திருந்தாள். "சித்தப்பா, எனக்கு எவ்வளவு வரும்னு நிஜமா சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டாள். அதற்காகச் செய்த விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) தான் இது. சூத்திரங்கள் எளிமையானவை. உழைப்பெல்லாம் எதை எழுதி வைப்பது, எப்போது எழுதி வைப்பது என்பதில்தான் போனது.

முதலில் ஒரு விஷயம். இந்த முறை, இன்னொரு கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடிக்குச் சரிவராது. 2024 முதல் அமெரிக்காவில் அது முழுக்க டிஜிட்டல். முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோமோ அதை வைத்து இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ மாறிவிடும். அங்கே வெறும் சரிகளை எண்ணி ஸ்கோரைச் சொல்ல முடியாது. கட்டுரையையும் 2021லேயே பொதுத்தேர்வுகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏசிடியில் இன்னும் சரிகளை எண்ணி, அட்டவணையைப் பார்த்து, 1 முதல் 36 வரையிலான ஸ்கோருக்கு மாற்றலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை. கட்டுரை விருப்பப் பாடமாக நீடிக்கிறது.

புதிய அமைப்பின் எண்கள்

2025ல் ஏசிடி மாறியது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இப்போது ஆங்கிலம் 50 கேள்வி, 35 நிமிடம். கணிதம் 45 கேள்வி, 50 நிமிடம். வாசிப்பு 36 கேள்வி, 40 நிமிடம். அறிவியல் விருப்பப் பாடமாகிவிட்டது. எடுத்தால் 40 கேள்வி, 40 நிமிடம். கட்டுரை முன்பு போலவே 40 நிமிடம். காம்போசிட் என்கிற மொத்த ஸ்கோர் முன்பு நான்கு பாடங்களின் சராசரி. இப்போது ஆங்கிலம், கணிதம், வாசிப்பு மூன்றின் சராசரி மட்டும்.

இந்த எண்களை விரிதாளின் மேலே போட்டு, ஒரு கேள்விக்கு எத்தனை விநாடி என்று வகுத்தேன். ஆங்கிலத்துக்கு 42 விநாடி. கணிதத்துக்கும் வாசிப்புக்கும் 66, 67. பழைய அமைப்பில் ஆங்கிலத்துக்கு 36 விநாடியும் வாசிப்புக்கு 52 விநாடி சொச்சமும்தான் இருந்தன. அதனால் பழைய தாளைப் பழைய நேரத்தில் எழுதி வந்த ஸ்கோரைப் புதிய தேர்வின் கணிப்பாக எடுத்துக்கொள்வது வீண். பழைய தாள்களை அவள் பாடப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். கணிப்புக்குப் புதிய அமைப்பில் ஏசிடியே வெளியிட்ட மாதிரித் தாள்கள் மட்டும்தான். சரிகளை ஸ்கோராக மாற்ற அவற்றோடு வரும் அட்டவணை அந்தந்தத் தாளுக்கே உரியது. ஒரு தாளின் சரிகளை வேறொரு தாளின் அட்டவணையில் வைத்துப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் கடினமான தாளில் குறைவான சரிகளுக்கே அதே ஸ்கோர் கிடைக்கும்படி அட்டவணையைச் சரிக்கட்டியிருப்பார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் மதிப்பெண் கிடையாது. ஆங்கிலத்தில் 50க்கு 40, கணிதத்தில் 45க்கு 41, வாசிப்பில் 36க்கு 27 கேள்விகள்தான் ஸ்கோரில் சேரும். மீதி, வருங்காலத் தேர்வுகளுக்காக வெள்ளோட்டம் பார்க்கும் கேள்விகள். எது எது என்று தேர்வு எழுதுபவருக்குத் தெரியாது. இதை முதலில் ஒரு துணுக்குத் தகவலாகத்தான் எழுதி வைத்தேன். பின்னால் விரிதாளின் முக்கியமான பகுதியே இதுதான் ஆனது.

இரண்டு நிறப் பேனா

நேரக் கணக்குக்கு நான் வைத்த முறை எளிது. நீலப் பேனாவில் எழுத ஆரம்பிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் ஸ்டாப்வாட்ச் அடிக்கும். அந்த நொடியில் மீதமிருக்கும் கேள்விகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு விடையை நீலத்தில் சுழித்துவிட வேண்டும். உண்மையான தேர்வில் கடைசி நிமிடத்தில் எப்படியும் இதைத்தான் செய்வோம். அதன் பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அவசரமில்லாமல், விடைத்தாளைப் பார்க்காமல், ஊகித்த கேள்விகளையும் சந்தேகப்பட்ட கேள்விகளையும் மறுபடி போட வேண்டும். சிவப்புக்கு எத்தனை நிமிடம் கூடுதலாக ஆனது என்பதையும் குறிக்க வேண்டும்.

இன்னொரு குறி: முழுக்க ஊகமாகப் போட்ட கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. ஒன்றிரண்டு விடைகளை ஒதுக்கிவிட்டு மீதியில் ஊகித்திருந்தால் ஒரு கோடு.

புள்ளி எதற்கு? நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சரியாக விழ நான்கில் ஒரு வாய்ப்பு. ஆறு கேள்வியை அப்படி ஊகித்தால் சராசரியாக ஒன்றரை சரி வரும். ஒரு நாள் மூன்று விழும், இன்னொரு நாள் ஒன்றும் விழாது. மாதிரித் தேர்வில் மூன்று விழுந்துவிட்டால் அது அவள் திறமை மாதிரித் தெரியும். அதனால் புள்ளி வைத்த கேள்விகளில் உண்மையில் எத்தனை சரி என்பதை விரிதாள் கண்டுகொள்ளாது. புள்ளிகளின் எண்ணிக்கையை நான்கால் வகுத்துச் சேர்த்துக்கொள்ளும். கோடு போட்டவற்றுக்குப் பாதி. இது துல்லியமில்லைதான், ஆனாலும் அதிர்ஷ்டத்தை ஸ்கோராக எண்ணுவதைவிட மேல். கணிதத்தில் முன்பு ஐந்து விடைகள் இருந்தன, இப்போது நான்குதான். பழைய தாளில் கணிதம் போட்டுப் பார்ப்பவர்கள் ஐந்தால் வகுக்க வேண்டும்.

நேரத்தை ஒவ்வொரு கேள்விக்கும் குறிக்கச் சொன்னால் அதுவே ஒரு தொந்தரவு. ஆங்கிலத்தில் பத்துப் பத்துக் கேள்விக்கு ஒரு தடவை ஓரத்தில் நிமிடத்தை எழுதச் சொன்னேன். சீராகப் போனால் ஏழு ஏழு நிமிடம் ஆக வேண்டும். கணிதத்தில் சீராகப் போவதே தப்பு. அங்கே கேள்விகள் ஏறக்குறைய எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். முதல் 15க்கு 12 நிமிடம், அடுத்த 15க்கு 16, கடைசி 15க்கு 22 என்று பிரித்தோம். அவளுடைய ஓரக் குறிப்புகளில் முதல் 15க்கே 17 நிமிடம் போயிருந்தது. சரிபார்த்துக்கொண்டே போகிற பழக்கம். பள்ளியில் அதற்குப் பாராட்டு கிடைத்திருக்கும். இங்கே கடைசியில் ஐந்தாறு கேள்விகளைப் பார்க்காமலே விட வேண்டியதாகிறது.

வாசிப்பில் தெரிந்தது

இந்த விரிதாள் தன் வேலையைக் காட்டியது வாசிப்புப் பகுதியில்தான். நான்கு உரைப்பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 9 கேள்வி. சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 10 நிமிடம். ஒரு மாதிரித் தேர்வில் அவளுக்கு ஆனது 12, 11, 10, 7. நீலப் பேனாவில் சரியானவை 8, 7, 8, 4. மொத்தம் 27. சிவப்பில் கடைசிப் பகுதி 7 ஆனது, மொத்தம் 30. அதற்கு அவள் எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் ஐந்து நிமிடம்கூட இல்லை.

இதை மட்டும் பார்த்தால் 'மூன்று கேள்வி நேரத்தால் போச்சு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் 36ல் 9 கேள்வி ஸ்கோரில் சேராது. ஒன்பது என்பது சரியாக ஓர் உரைப்பகுதியின் அளவு. ஆகவே ஏதோ ஒரு முழுப் பகுதி கணக்கில் வராது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாக நீக்கிப் பார்க்க நான்கு வரிசைகள் போட்டேன். முதல் பகுதியை நீக்கினால் 27க்கு 19. இரண்டாவதை நீக்கினால் 20. மூன்றாவதை நீக்கினால் மறுபடி 19. கடைசியை நீக்கினால் 23!

அதே கணக்கைச் சிவப்புப் பேனாவுக்குப் போட்டால் 22, 23, 22, 23.

அவசரம் ஸ்கோரைக் குறைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவசரம் ஸ்கோரை ஆட்டம் காண வைக்கிறது என்பது இந்த இரண்டு வரிசைகளைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. நேரம் போதுமானபோது எந்தப் பகுதியை நீக்கினாலும் ஒரு கேள்விதான் வித்தியாசம். நேரம் போதாமல் எல்லா இழப்பும் ஒரே பகுதியில் குவிந்தபோது வித்தியாசம் நான்கு கேள்வி. 27 கேள்வியை 36 வரையிலான அளவுகோலில் விரிக்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒரு ஸ்கோருக்கு மேலேயே நகரும் இடங்களும் உண்டு. நான்கு கேள்வி என்றால் அது வேறு ஆளின் ஸ்கோர் மாதிரி இருக்கும். ஒரு மாதிரித் தேர்வில் நன்றாக வந்தது அடுத்ததில் ஏன் சரிந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வீடுகளில் பாதிக்குக் காரணம் இதுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வைத்தியமும் இதிலேயே இருந்தது. முதல் பகுதிக்கு 12 நிமிடம் எடுத்து 8 வாங்கியவள், 10 நிமிடத்தில் முடித்தால் ஒருவேளை 7 வாங்கலாம். அங்கே ஒன்று போனாலும் கடைசிப் பகுதியில் மூன்று திரும்ப வரும். 10 நிமிடம் ஆனதும் அடுத்த பகுதிக்குப் போய்விட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டாள். முதல் இரண்டு வாரம் முணுமுணுத்தாள். அப்புறம் பழகிவிட்டது.

ஒரே உட்காரலில்

பாடம் பாடமாகப் பிரித்து, ஒவ்வொரு நாள் ஒன்று என்று எழுதிய ஸ்கோர்களைக் கணிப்பில் சேர்க்கவில்லை. மூன்று பாடமும் சேர்ந்தாலே 125 நிமிடம். கட்டுரையும் சேர்ந்தால் 165. அறிவியலும் எடுத்தால் 205. இடைவேளையைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். காலையில் தெம்பாக உட்கார்ந்து எழுதிய ஒற்றைப் பாடத்தின் ஸ்கோர் இதில் எதையும் சொல்லாது. விரிதாளில் 'தனியாக', 'தொடராக' என்று குறிக்க ஒரு நெடுவரிசை உண்டு. 'தனியாக' என்றிருக்கும் வரிசைகளைச் சூத்திரம் ஒதுக்கிவிடும்.

கட்டுரை

ஏசிடி கட்டுரை காம்போசிட்டைத் தொடாது. இதைப் பெற்றோர் பலரும் தவறாக நினைக்கிறார்கள். கட்டுரைக்கு 2 முதல் 12 வரை தனி ஸ்கோர். ஆங்கிலம், வாசிப்பு, கட்டுரை மூன்றையும் சேர்த்து ஒரு மொழித்திறன் ஸ்கோரும் கொடுப்பார்கள், அதுவும் தனி.

ஒரு பொதுப் பிரச்சினையும் அதைப் பற்றிய மூன்று பார்வைகளும் தருவார்கள். மாணவர் தன் நிலைப்பாட்டைச் சொல்லி, அந்தப் பார்வைகளில் ஒன்றோடாவது அதை உறவுபடுத்தி வாதிட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். கருத்தும் அலசலும், விரிவும் ஆதாரமும், அமைப்பு, மொழிப் பயன்பாடு என நான்கு தலைப்பிலும் ஆளுக்கு 1 முதல் 6 வரை. இருவரின் எண்களைக் கூட்டினால் ஒவ்வொரு தலைப்புக்கும் 2 முதல் 12. நான்கின் சராசரியை முழு எண்ணாக்கினால் கட்டுரை ஸ்கோர். இருவருக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆள் வருவார்.

வீட்டில் திருத்துபவர்கள் நானும் என் மனைவியும். அதற்கு முன்பு நாங்கள் இருவரும் பயிற்சி எடுத்தோம். ஏசிடி தன் தளத்தில் ஸ்கோரோடு வெளியிட்டிருக்கும் மாதிரிக் கட்டுரைகளை, ஸ்கோரை மறைத்து வைத்துத் திருத்தி, பிறகு ஒப்பிட்டோம். இதைச் செய்யாமல் வீட்டுப் பிள்ளையின் கட்டுரைக்கு மதிப்பெண் போட உட்காரக் கூடாது. பாசம் எப்படியும் உள்ளே வந்துவிடும். கையெழுத்து அழகாக இருந்தால் மொழிக்கு ஒரு மதிப்பெண் ஏற்றிப் போடவும் கை போகும். அதனால் அவள் கட்டுரையைப் பிழைகளோடு அப்படியே தட்டச்சு செய்து எங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் விரிதாளில் பதிவோம்.

ஒரு கட்டுரையை அவள் தனியாக, தெம்பாக எழுதினாள். நான் நான்கு தலைப்புக்கும் 4 போட்டேன். மனைவி 4, 4, 3, 5 போட்டாள். கூட்டினால் 8, 8, 7, 9. சராசரி 8. இன்னொன்றை மூன்று பாடங்களையும் முடித்த கையோடு எழுதினாள். அதற்கு நான் 4, 3, 4, 4; மனைவி 4, 3, 3, 4. கூட்டினால் 8, 6, 7, 8. சராசரி 7.25, அதாவது 7.

ஒன்றுதான் குறைந்திருக்கிறது. ஆனால் எங்கே குறைந்தது என்று பார்த்தால் பெரும்பகுதி 'விரிவும் ஆதாரமும்' என்ற தலைப்பில். காரணம் அவள் கட்டுரையின் ஓரத்திலேயே இருந்தது. ஒவ்வொரு பத்தியையும் தொடங்கும்போது நிமிடத்தைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். முன்னுரை முடிய 15 நிமிடம். இரண்டாவது வாதத்துக்கு உதாரணம் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரே வரி. முடிவுரையும் ஒரே வரி. மொழி அதிகம் கெடவில்லை, கருத்தும் கெடவில்லை. களைத்த மூளைக்கு முதல் வாக்கியம் வர நேரமாகிறது, அவ்வளவுதான். திட்டமிட 7 நிமிடம், முன்னுரைக்கு 4, அதற்குமேல் அதில் கை வைக்கக் கூடாது என்று மாற்றினோம். கணிப்புக்குக் களைப்போடு எழுதிய ஸ்கோரையே எடுத்துக்கொண்டேன். உண்மையான தேர்விலும் கட்டுரை கடைசியில்தான் வருகிறது.

மொத்த ஸ்கோரும் பின்னமும்

மூன்றால் வகுப்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. மூன்று ஸ்கோர்களின் கூட்டுத்தொகை 76 என்றால் 25.33, அதாவது 25. 77 என்றால் 25.67, அதாவது 26. 78, 79 வரை 26தான். 80 வந்தால் 27. நான்கு பாட சராசரியில் அரை வரும், அது மேலே ஏறும். மூன்றில் அரையே வராது. ஆகவே 'அடுத்த எண்ணுக்கு இன்னும் எத்தனை' என்று ஒரு கட்டம் போட்டேன். விரிதாளிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்த கட்டம் அதுதான்.

கணிப்பை ஒற்றை எண்ணாகச் சொல்லக் கூடாது என்பதால் ஒவ்வொரு பாடத்துக்கும் கீழ், நடு, மேல் என்று மூன்று எண்கள். மொத்தத்துக்கு வரும்போது மூன்று 'கீழ்'களையும் ஒன்றாகக் கூட்டிப் பயமுறுத்திக்கொள்ளத் தேவையில்லை. மூன்று பாடமும் ஒரே நாளில் ஒன்றாகக் காலை வாருவது அபூர்வம். ஒவ்வொன்றும் இரண்டு ஸ்கோர் ஏறி இறங்கலாம் என்று வைத்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆட்டமாக எடுத்துக்கொண்டு வர்க்கமூலம் போட்டால், சராசரியில் ஆட்டம் ஒன்றுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

தேர்வுக்கு முந்தைய வாரம் விரிதாள் சொன்னது: ஆங்கிலம் 26, கணிதம் 24, வாசிப்பு 25 நடுவில்; மொத்தம் 24லிருந்து 26. கட்டுரை 7.

வந்தது: ஆங்கிலம் 24, கணிதம் 25, வாசிப்பு 27. கூட்டினால் 76, மொத்தம் 25. மொத்தம் கணித்தபடியே வந்ததில் அண்ணனுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு அவ்வளவு இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு இறங்கி, வாசிப்பில் இரண்டு ஏறி ஒன்றையொன்று ஈடு செய்திருக்கின்றன; அதை விரிதாளின் சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது. வாசிப்பில் ஏறியதற்குப் பத்து நிமிட விதி காரணமாக இருக்கலாம், அல்லது அவளுக்கு வாய்க்காத பகுதி கணக்கில் வராமல் போயிருக்கலாம். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

கட்டுரை ஸ்கோர் வழக்கம்போல மற்றவற்றுக்குப் பிறகு வந்தது. 8. "சித்தப்பா, நீங்களும் சித்தியும் கஞ்சம்" என்று செய்தி அனுப்பினாள்.

இப்போது விரிதாளில் சூப்பர்ஸ்கோருக்கு ஒரு வரிசை சேர்த்திருக்கிறேன். பல தடவை எழுதினால் ஒவ்வொரு பாடத்திலும் கிடைத்த சிறந்த ஸ்கோரை மட்டும் எடுத்துச் சராசரி போடும் கணக்கு அது. எல்லாக் கல்லூரிகளும் அதை ஏற்பதில்லை என்பதால், அவள் விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளின் பெயருக்குப் பக்கத்தில் ஏற்கும், ஏற்காது என்று ஒரு கட்டம். ஏற்கும் கல்லூரிகளுக்கு, அடுத்த தடவை ஆங்கிலத்தில் 25 வாங்கினாலே கூட்டுத்தொகை 77, மொத்தம் 26. அதனால் கணிதத்தைக் கொஞ்ச நாள் ஓரம் வைத்துவிட்டு, பத்துக் கேள்விக்கு ஏழு நிமிடம் என்ற கணக்கில் ஆங்கிலப் பகுதிகளை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.